நாலரை தாண்டினா மறுபடி ஒம்போது

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்கக்கா. எனக்குக் காத்து வேண்டாமுங்க. இன்னிக்கு நான் இருக்கற இருப்புக்கு, காத்து வேற அடிச்சா பறந்தே போயிருவேன். பையி மடியிலயே இருக்கட்டுங்க, பரவால்லை. உள்ள ரெண்டு ஜாதகம் இருக்குது, கசங்கக் கூடாதல்லங்க.

காங்கேயம் வரைக்குமுங்க. அங்க ஒரு ஜோசியர் இருக்கறாராம், அவர் சொன்னா அப்படியே நடக்குமாம். கல்யாணத்துக்கு நாள் பாக்கோணும். அய்யய்யோ, புள்ளைக்கு இல்லீங்கக்கா, எனக்குத்தான்! சிரிக்காதீங்க. தலையில நாலு நரை இருந்தா கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு சட்டமா இருக்குது? மாப்பிள்ளை பேரு மருதாசலம். பீளமேட்டுல எங்க மோட்டார் பம்புக் கம்பெனியிலதான் இருக்காரு, டெஸ்பாட்ச் அவர் பொறுப்பு. புருசன் பேரைச் சொல்லக் கூடாதும்பாங்க. இன்னும்தான் தாலி ஏறலையே, சொன்னா என்னங்க. மருதாசலம். மருதாசலம்.

நேத்துச் சாயந்தரம் என்ற மேசைக்கு வந்து நின்னாருங்க. என்னைய மணின்னுதான் கூப்பிடுவாரு. "மணி, எனக்கு ராஜ்கோட் ஆபீசுக்கு மாத்தல் ஆயிருச்சு. நானேதான் கேட்டு வாங்கினேன். நாளைக்குச் சாயந்தரம் ரயிலு. அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிரு. ஆமான்னா டிக்கெட்டைக் கிழிச்சுப் போடறேன். இல்லைன்னாலும் சொல்லிரு, கோவிச்சுக்க மாட்டேன்"னாரு. எனக்குத் தலைகால் புரியலீங்கக்கா! நாலு வருசமாக் கேட்டுட்டு இருக்கற மனுசன், டிக்கெட்டைக் கிழிக்கறேங்கறாரு, எனக்காக! ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, ஒரே சிரிப்பு. அவர்கிட்ட அப்பவே "நாளைக்கே போயி நல்ல நாள் பாத்துட்டு வந்து சொல்றேன்"னுட்டேன். அவரும் சிரிச்சாரு. ஆனா ஒரு மாதிரி சிரிச்சாருங்க.

நேரமிருக்குங்க, நேரமிருக்கு. போயி, பாத்துட்டு, அடுத்த பஸ் ஏறுனா ரயிலுக்கு முன்னால ஸ்டேசன்ல இருப்பேன். காலையிலயே வந்தவதான் நானு. ஸ்டாண்டுல வந்து உக்காந்தா வெள்ளிக்கிழமை பாருங்க, ராகுகாலம். சரி முடியட்டும்னு இருந்தேன். நாலு பஸ் போச்சு. ஆனா ஒண்ணு சொல்லிப் போடறேங்கக்கா, எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் கம்ப்யூட்டர் செக்சன்.

சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லீங்க. எங்களுது பெருசு, ஐஸ்பெட்டி உசரத்துக்குக் கறுப்பா நிக்கும். நானூறும்பாங்க. அதும் பேருல ஒரு நானூறு வரும், அதனால கம்பெனி பூராவும் அதேதான் பேரு. "நானூறு என்ன சொல்லுது?", "நானூறைக் கேட்டுச் சொல்றேன்", இப்படித்தான் பேச்சு. அது ஒரு ஏசி ரூம்ல இருக்கும். மத்த எல்லார் மேசையிலயும் இருக்கற பச்சை எழுத்துத் திரையெல்லாம் அதுல இருந்து போற வயருதான். அதுக்கு ப்ரோக்ராம் எழுதறது நானு ஒருத்திதான். நான் லீவு போட்டா முதலாளிக்கே காய்ச்சல் வந்துரும்.

அந்த நானூறு ஒரு செவ்வாக்கிழமை என்னை என்ன பாடு படுத்துச்சு தெரியுங்களா? போன மாசம்தான். சொல்றேன் கேளுங்க, காங்கேயம் வரைக்கும் என்ன வேலை நமக்கு.

எங்க லாரி கேட்டைத் தாண்டோணும்னா கேட் பாஸ் வேணும். அதை நானூறுதான் அடிச்சுத் தரும். காலையில ஒட்டுக்கா எல்லா லாரிக்கும் ஒரே ஓட்டம். பேட்ச் ஜாப்புன்னு பேருங்க. ஒண்ணுமில்லை, அடுப்புல பருப்பு போட்டாப்புல. ஏத்தி விட்டுட்டா அதுபாட்டுக்கு வெந்துட்டு இருக்கும், பக்கத்துல நின்னு கிண்ட வேண்டாம். வெந்ததும் பாஸ் வந்து விழுகும், எந்த லாரி எத்தனை மணிக்குக் கிளம்போணும்னு நேரம் போட்டு.

அந்த நேரத்துலதான் வந்துச்சு வினை. பெரிய முதலாளிக்கு ராகுகாலம், எமகண்டம் ரெண்டுலயும் லாரி வெளிய போகக் கூடாது. சரிங்கன்னு ப்ரோக்ராம்ல போட்டேன். சின்ன முதலாளி தனியாக் கூப்பிட்டு, "குளிகையில விடாதே வசந்தாமணி, குளிகையில செஞ்சது திரும்பத் திரும்ப வரும். போன மோட்டாரெல்லாம் ரிப்பேருக்குத் திரும்பி வந்துட்டே இருக்கும்"னாரு. போட்டேன். பெரிய முதலாளி சம்சாரம், பெரியம்மான்னு சொல்லுவோம், அவங்க ஓரை பாப்பாங்க, மணிக்கொரு கிரகம். செவ்வா ஓரை ஆகாது, சனி ஓரை ஆகாது, சூரிய ஓரை ஆகாது. அதும் போட்டேன். இதுல போலீஸ்காரங்க வேற, நாலரைக்கு மேல மெயின் ரோட்டுல லாரியே வரக் கூடாதுன்னு. அவங்களையும் போட்டேன். கடைசியா மருமக வந்துச்சு. அந்தப் புள்ளை பாவம் ஒண்ணும் சொல்லலை, அதோட அப்பாதான் ஈரோட்டுல இருந்து ஃபோன் பண்ணி, தேய்பிறையில சந்திர ஓரையும் ஆகாதுன்னாரு. சம்மந்தி பேச்சைத் தட்ட முடியுங்களா? திங்கக்கிழமை சாயந்தரம் அதையும் சேத்து விட்டேன். ஒருத்தர் மனசும் நோகலை பாருங்க. அத்தனை பேரையும் ஒரே ப்ரோக்ராம்ல உக்கார வெச்சுட்டேன்.

எப்படி வேலை செய்யும்னு கேக்கறீங்களா? கேளுங்க, கேளுங்க, இதை யாருமே கேக்க மாட்டாங்க! ஒம்போது மணிக்கு கேட் தொறக்கும். ஒம்போது நல்ல நேரமான்னு பாரு. இல்லையா, அடுத்த அரைமணியைப் பாரு. அதும் ஆகாதா, அதுக்கு அடுத்தது. அப்படியே பாத்துட்டே போ. நாலரை தாண்டினா மறுபடி ஒம்போதுல இருந்து பாரு, எங்கியாவது விட்டிருப்பே. எவ்வளவு பொறுப்பான ப்ரோக்ராம் பாருங்க! மனுசனா இருந்தா ரெண்டு தடவை பாத்துட்டு சலிச்சுப் போயிருவான்.

அந்தச் செவ்வாக்கிழமை காலையில ஜாப்பை ஏத்தி விட்டுட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாக்கறேன், பாஸ் ஒண்ணும் வரலை. சரி வரட்டும்னு இருந்தேன். அக்கவுண்ட்ஸ் கோகிலாமணி ஓடி வருது, "வசந்தா, என்ற திரை கல்லாட்டம் நிக்குது"ன்னு. ஸ்டோர்ஸ்ல கத்தறாங்க. பர்சேஸ்ல கத்தறாங்க. எல்லா சக்தியையும் அந்த ஒரே ஜாப்பு உறிஞ்சுட்டு இருக்குது, மத்தவங்களுக்கு மிச்சமில்லை. கேன்டீன் டோக்கனும் நானூறுலதான் வரோணும். அது வரலைன்னதும்தான் பாருங்க, கம்பெனியே எந்திரிச்சு என்ற ரூமுக்கு வந்துருச்சு. அதுவரைக்கும் ஒருத்தனுக்கும் கவலை இல்லை.

வெளிய லாரி வரிசை கட்டி நிக்குது. வெயில் காலமுங்க, ஊரெல்லாம் கிணறு வத்தி மோட்டாருக்கு அடிதடி. கேட்டுல இருந்து மெயின் ரோடு வரைக்கும் லாரி. டவுன் பஸ் போக வழியில்லாம டிரைவர் ஹாரனை அமுக்கிட்டே இருக்கறான். பெரிய முதலாளி வந்து, "அதை அணைச்சுப் போடு"ன்னாரு. சர்வீஸ் இன்ஜினியருக்கு ஃபோன் போட்டா அவரும் அதையேதான் சொன்னாரு. அணைச்சுப் போட்டு ஏத்துனேன். ஏத்துன உடனே ஜாப்பு மறுபடி கிளம்பி, மறுபடி அதே கூத்து. நிறுத்தினா பாஸ் வராது, ஓட விட்டா மத்ததெல்லாம் நின்னுரும். பெரியம்மா வந்து ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டாந்து நானூறு தலையில வெச்சாங்க. அது உருண்டு உருண்டு பின்னால வயருக்குள்ள போயி விழுந்துருச்சு. அதை எடுக்க நான் கையை விட்டுத் துழாவிட்டு இருக்கேன், அவங்க என்னடான்னா "ஏத்துக்கிச்சு, ஏத்துக்கிச்சு"ன்னு கும்புடறாங்க!

அப்பறம் நான் எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, அந்த ஜாப்பு உள்ள என்னதான் பண்ணுதுன்னு ஒவ்வொரு அடியா நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். அதுக்கு ஒரு வசதி இருக்குதுங்க. ஒம்போதுங்குது. எமகண்டம், ஆகாதுங்குது. ஒம்போதரை, ஆகாது. பத்து, ஆகாது. பத்தரை வந்துச்சு, தேய்பிறைச் சந்திர ஓரை, சம்மந்திக்கு ஆகாது. அப்பறம் சனி ஓரை, அப்பறம் குளிகை, அப்பறம் செவ்வா ஓரை, சூரிய ஓரை, ராகுகாலம். நாலரை, போலீஸ். மறுபடி ஒம்போது! நவக்கிரகத்தைச் சுத்தறாப்புல சுத்தோ சுத்துன்னு சுத்துது. நானும் பாத்துட்டே இருக்கேன், அது பாவம், தேடற மும்முரத்துல நிக்கவே மாட்டேங்குது. அந்த நாள்ல நல்ல நேரமுன்னு ஒரு அரைமணி கூட இல்லீங்கக்கா. எல்லாரும் ஆளுக்கொரு கை அள்ளிட்டாங்க.

என்ற ப்ரோக்ராம்ல தப்பே இல்லீங்க. அதை நான் அன்னிக்கே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். தப்பு செவ்வாக்கிழமை மேல.

அப்பத்தான் அவர் வந்தாரு. மருதாசலம். கையில ரெண்டு டீ. ஒண்ணு எனக்கு. லாரிக்காரங்ககிட்டயெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டு, சட்டையெல்லாம் வேர்வையா வந்து நிக்கறாரு. "என்ன மணி, என்ன பண்ணுது"ன்னாரு. நான் சொன்னேன், இந்த மாதிரி, நல்ல நேரம் தேடிட்டே இருக்குது, கிடைக்கலை, மறுபடி மறுபடி முதல்ல இருந்து தேடுதுன்னு. அவர் திரையைக் கூடப் பாக்கலீங்க. அவ்வளவு அறிவு! அப்படியே நின்னுட்டு, "மணி, ஊர்ல இருக்கறவங்க சொல்ற கெட்ட நேரத்தையெல்லாம் கழிச்சுட்டா மிச்சம் என்ன இருக்கும்? இப்படியே தேடிட்டு இருந்தா லாரி கேட்டுலயே நின்னு துருப்பிடிச்சுப் போயிரும். ஒரு சுத்து தேடினாப் பத்தாதா? எங்கியாவது போதும்னு நிறுத்தோணுமல்ல"ன்னாரு.

 கோகிலாமணி முந்தானையில வாயைப் பொத்திக்குச்சு. சின்ன முதலாளி மேல ஃபேனைப் பாக்கறாரு. ஏசி ரூம்ல ஃபேன் எங்க இருக்குது? இவங்களுக்கெல்லாம் டெக்னிக்கலாப் பேசினா ஒண்ணும் புரியாதுங்கக்கா. ஆனா எனக்குப் பளிச்சுன்னு புரிஞ்சுருச்சு. "அருமைங்க!"ன்னு கத்திட்டேன். டீயைக் கூடக் குடிக்காம உக்காந்து எழுதினேன். ஒரு சுத்து வந்தாச்சுன்னா நிறுத்து. நல்ல நேரம் இல்லைன்னா இல்லை. இருக்கறதுல யாருக்குக் கெடுதல் கம்மியோ, அந்த நேரத்தை எடுத்துக்கிட்டு வெளிய வா. அவ்வளவுதான். ஏத்தி விட்டேன். சடசடன்னு பாஸ் வந்து விழுகுது! ஜனமெல்லாம் கை தட்டுது! கேன்டீன் டோக்கனும் பின்னாலயே வந்துச்சு, அதுக்கு இன்னும் பெரிய கைதட்டு.

கெட்ட நேரத்துல லாரி போனா முதலாளிங்க விடுவாங்களான்னு கேளுங்க. அதுக்கும் வழி வெச்சேன். பாஸ்ல கீழ ஒரு வரி சேத்து விட்டேன்: "பரிகாரம்: டிரைவர் வெல்லம் சாப்பிடவும்." கேட்டுல செக்யூரிட்டிகிட்ட ஒரு டப்பா வெல்லம் குடுத்து வெச்சோம். பெரிய முதலாளிக்குச் சந்தோசம், பெரியம்மாவுக்குச் சந்தோசம், ஈரோட்டுச் சம்மந்தி ஃபோன்லயே ஆசீர்வாதம் பண்ணாரு. டிரைவருங்க இருக்காங்களே, நல்ல நேரத்துல பாஸ் வந்தாச் சண்டைக்கு வராங்க, "எங்களுக்கு மட்டும் ஏனுங்க வெல்லமில்லை"ன்னு. எனக்கு சால்வை போத்தி போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டுல மாட்டினாங்க. அந்தப் பக்கம் போறப்பெல்லாம் பாத்துக்குவேன்.

எல்லாரும் போனப்பறம் மருதாசலம் மட்டும் நின்னாரு. டீ ஆறிக் கிடக்குது. "மணி, இதே மாதிரி எல்லா விசயத்துலயும் ஒரு சுத்தோட நிறுத்திக்குவியா?"ன்னு கேட்டாரு. "அதுக்கென்னங்க, எந்தெந்த ப்ரோக்ராமுன்னு எழுதிக் குடுங்க, ஒண்ணு விடாம மாத்திக் குடுத்தர்றேன்"னேன். என்னையே பாத்தாரு. அப்பறம் அந்த ஆறின டீயை எடுத்து அவரே குடிச்சுட்டுப் போயிட்டாரு. ராஜ்கோட்டுக்கு மாத்தல் கேட்டு அடுத்த நாளே எழுதிப் போட்டாராம். என்ன கோவமோ தெரியலீங்க. ஒருவேளை டீயைக் குடிக்கலைன்னு இருக்கும்.

ஒண்டிப்புதூர் எப்பவோ போயிருச்சுங்க, இப்ப சூலூரே தாண்டியாச்சு.

ஏன் நாலு வருசமான்னா, எங்க வீட்ல நெம்ப நாளு கிழமை பாப்பாங்க. எங்கம்மாவா? சேச்சே, அது பாக்காதுங்க. "நாள் செய்யறதை நல்லவங்க செய்ய மாட்டாங்க, ஆனா நீ பாக்கற அளவுக்கு அந்த நாளுக்கே ஆகாதுடி. எப்ப வேணாலும் பண்ணித் தொலை"ன்னு திட்டும். அவங்க வீட்லயும் சம்மதம். அவங்கம்மா பூ வாங்கி வெச்சுட்டுக் காத்துட்டு இருக்காங்க. நாங்கதான்... சரி, நான்தான், சித்தெ பாத்துச் செய்யலாம்னு. மொதல்ல கேட்டப்ப ஆடி. ஆடியில பேசக் கூடாதல்லங்க. ஆவணியில அவங்கப்பா தவறிட்டாரு, வருசம் திரும்போணும். திரும்புச்சு, பாத்தா மார்கழி. தையில பொள்ளாச்சி ஜோசியர்கிட்டப் போனேன், நல்லா ஆகும்னாரு. எதுக்கும் இருக்கட்டும்னு அவினாசியில கேட்டேன், குரு மாறட்டும்னாரு. குரு மாறுச்சு, தாராபுரத்துக்காரர் சனி மாறட்டும்னாரு. மூணு பேரும் மூணு சொன்னா எதை எடுக்கறது? அதான் சித்தெ யோசிச்சேன். யோசிக்கறதுக்குள்ள பாத்தா மறுபடி ஆடி.

ஏனுங்கக்கா இப்படிச் சிரிக்கறீங்க? கண்ணுல தண்ணி வருது உங்களுக்கு. என்ன சொல்லிப் போட்டேன்? எதை மறுக்காச் சொல்லோணும்? ஆடியில கேட்டாரு. ஆவணியில அவங்கப்பா. அப்பறம் மார்கழி. அப்பறம் குரு, அப்பறம் சனி. அப்பறம் மறுபடி ஆடி.

மறுபடி ஆடி.

இருங்கக்கா. சித்தெ பேசாம இருங்க.

அன்னிக்கு அவர் திரையைப் பாக்கவே இல்லையேங்க. என்னையத்தான் பாத்தாரு. கையில டீயை வெச்சுக்கிட்டு என்னையப் பாத்துத்தான் சொன்னாரு, எங்கியாவது போதும்னு நிறுத்தோணும்னு. அய்யோ! கோகிலாமணிக்குப் புரிஞ்சுருக்குது! சின்ன முதலாளிக்குப் புரிஞ்சுருக்குது! கம்பெனியே பாத்துட்டு நிக்கறப்ப, அந்த மனுசன் வேர்த்துக் கொட்டிட்டு என்கிட்ட மன்றாடியிருக்காரு. நான் "அருமைங்க"ன்னு சொல்லிட்டு ப்ரோக்ராம் எழுதியிருக்கேன்! எழுதிக் குடுங்கன்னு வேற கேட்டிருக்கேனே அக்கா!

சிரிப்பு வருதுங்க. அழுகையும் வருதுங்க. ரெண்டும் ஒட்டுக்கா வருது.

எனக்கு அவரை நெம்பப் பிடிக்குமுங்கக்கா. அவர் கேட்டுப் பக்கம் லாரிக்காரங்களோட கத்திட்டு இருந்தா, அந்தச் சத்தம் கேட்டுட்டே வேலை செய்யறது எனக்கு அவ்வளவு இஷ்டம். அவர் லீவு போட்டா அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே ஓடாது. மூணு ஊரு ஜோசியர்கிட்டப் போயிருக்கேன், ஒருத்தரும் இதைக் கேக்கலை. நானும் சொல்லலை. பயமா இருந்துச்சுங்க. நல்ல நாள் பாத்துச் செஞ்சா எல்லாம் நல்லா இருக்கும்னு... ஏதாவது ஒண்ணு ஆகாமப் போயிட்டா என்ன பண்றதுன்னு பயம், வேற ஒண்ணுமில்லை.

காங்கேயம்காரர் மட்டும் என்ன சொல்லப் போறாரு? ஒண்ணு ஆகும்பாரு, இல்லை ஆகாதும்பாரு. நான் அதுக்கப்பறம் தாராபுரத்துல போயி இன்னொருக்காக் கேட்டுக்குவேன். எனக்கு என்னையத் தெரியாதுங்களா.

கண்டக்டரண்ணா! அண்ணா, நிறுத்துங்க! இங்கயே, காரணம்பேட்டையில. தெரியுமுங்க, டிக்கெட் காங்கேயத்துக்குத்தான், போனாப் போகுது! அக்கா, நான் வரேனுங்க. இல்லீங்க, ஃபோன்ல சொல்ற விசயமா இது? அவர் முகத்தைப் பாத்துச் சொல்லோணும். ஆமான்னு ஒரே வார்த்தை. இன்னிக்கு நாளு எப்படி இருக்குதுன்னு சொல்லாதீங்க, சொல்லாதீங்க, காதுல வாங்க மாட்டேன்.  நீங்க நல்லா இருக்கோணும், பேரு கூடக் கேக்கலை உங்களை.

அதா, அந்தப் பக்கம் கோயமுத்தூர் பஸ் வருது! ஏனுங்க, நில்லுங்க, நில்லுங்க! நான் இறங்கிட்டனுங்கண்ணா, விசில் குடுங்க, இந்த பஸ் போகட்டும். நான் அந்த மனுசனை நிறுத்தோணும்.